கேட்சர் ஆல்பர்ட்டின் வலது கை

விருத்தாசலத்தில் ஒருவன் பேஸ்பால் ஆடியே பேர் வாங்கினான் என்றால் யார் நம்புவார்கள்? நம்பாதவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. கபடி என்றால் ஊரே திரளும். கிரிக்கெட் என்றால் தெருவே அடைபடும். பேஸ்பால் என்றால், "அது என்னா, கிட்டிப்புள்ளு மாதிரியா?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் சூசைநாதன் மகன் ஆல்பர்ட் பதினைந்து வருஷம் கேட்சராக உட்கார்ந்தான். உட்கார்ந்தான் என்றுதான் சொல்ல வேண்டும். மற்றவர்களெல்லாம் ஓடுவார்கள், வீசுவார்கள், அடிப்பார்கள். கேட்சர் மட்டும் மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்திக்கொண்டு, முகத்தில் கம்பிக்கூண்டை மாட்டிக்கொண்டு, எதிரே இருந்து வரும் பந்தை இடது கைத் தோலுறையில் வாங்கிக்கொண்டே இருப்பான். பார்ப்பவனுக்கு அது ஒரு வேலையாகவே தெரியாது.

அவனாக ஆசைப்பட்டுப் போன இடமும் இல்லை அது. ஒன்பதாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்துக்கு எங்கிருந்தோ ஒரு மூட்டை சாமான் வந்து இறங்கியது. ரெண்டு மட்டை, ஒன்பது உறை, ஒரே ஒரு முகக்கூண்டு. மட்டைக்கு அடிதடி. பந்து வீசுவதற்குக் குருமூர்த்தி என்ற ஒல்லிப் பையன் முந்திக்கொண்டான். ஸ்ரீமுஷ்ணம் ரோட்டில் மூன்று ஏக்கர் வைத்திருந்த விவசாயக் குடும்பம், தினமும் டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறவன். பின்னால் குந்துவதற்கு மட்டும் ஆள் இல்லை. பி.டி. வாத்தியார் சுற்றிப் பார்த்தார். "டேய் ஆல்பர்ட்டு, உனக்குத்தான் உடம்பு இருக்குது. நீ போயி குந்துடா." அவ்வளவுதான், தலையெழுத்து முடிந்தது. குருமூர்த்தி வீசிய மூன்றாவது பந்து நேராக ஆல்பர்ட்டின் நெஞ்சில் விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள். ஆல்பர்ட் அழவில்லை. பந்தைப் பொறுக்கித் திருப்பி வீசிவிட்டு மறுபடி குந்தினான்.

அன்றிலிருந்து அவர்கள் ரெண்டு பேரும் ஓருயிர் ஈருடல் என்று கதை விட எனக்கு விருப்பமில்லை. நன்றாகச் சண்டை போடுவார்கள். ஒரு தடவை தீபாவளிக்கு முன்னால் பேசாமல் இருந்து பொங்கலுக்குத்தான் பேசினார்கள். ஆனால் மைதானத்தில் மட்டும் வாய்ப்பேச்சே கிடையாது. எந்தப் பந்து போட வேண்டும் என்பதைக் கேட்சர்தான் முடிவு செய்வான். குந்தியபடியே வலது கையைத் தொடைகளுக்கு நடுவே வைத்து விரலைக் காட்டுவான். ஒரு விரல் என்றால் வேகம். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்த்து ரெண்டு என்றால் வளைந்து விழும் பந்து. அந்த "ரெண்டு"தான் குருமூர்த்தியின் சொத்து. மட்டைக்காரனின் நெஞ்சுக்கு நேரே வந்து, அவன் மட்டையைச் சுழற்றும் நேரத்தில் பொத்தென்று முழங்காலுக்குக் கீழே இறங்கும். வேறு கேட்சர்கள் அதைப் பிடிக்க முடியாமல் பின்னால் ஓடுவார்கள். ஆல்பர்ட் ஒருவனுக்குத்தான் அது எங்கே விழும் என்று தெரியும்.

மாவட்டம், மாநிலம், ரெண்டு முறை தேசியப் போட்டி. அதற்குப் பிறகு சென்னையில் ஒரு தனியார் கம்பெனி பேஸ்பால் அணி வைத்து, மாதச் சம்பளத்துக்கு ஆட்களை எடுத்தது. ஆல்பர்ட்டை எடுத்தார்கள். அவன் கெஞ்சியதால் குருமூர்த்தியையும் எடுத்தார்கள். மூன்று வருஷம். ஹைதராபாத், டெல்லி, சண்டிகர் என்று ரயிலில் போய் ஆடிவிட்டு வந்தார்கள். முதுகில் பேர் அச்சடித்த சட்டை. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் கிரேசியைப் பெண் பார்க்கவே போனான், கூறு கெட்டவன். "ஆடுறதுக்குச் சம்பளம் குடுப்பாங்களாங்க?" என்று அவள் கேட்டதற்கு, "குந்துறதுக்கே குடுப்பாங்க" என்றான். அந்தப் பதிலுக்காகவே கட்டிக்கொண்டதாக அவள் பிறகு சொன்னாள்.

வலியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கேட்சருக்கு விரல் பிசகுவதும் நகம் பெயர்வதும் வாரம் ஒரு தடவை நடக்கும். முழங்கால் முப்பது வயதுக்குள் கிழவன் முழங்கால் ஆகிவிடும். ஆல்பர்ட் ஒரு முறையும் கையைப் பின்னுக்கு இழுத்ததில்லை. பந்து வருகிறது என்று தெரிந்தும் கை அசையாமல் நிற்க வேண்டும், அதுதான் இந்தத் தொழில் என்பான். அதில் அவனுக்குப் பெரிய கர்வம் இருந்தது. நாசமாய்ப் போன கர்வம்.

கொரோனா வந்தது. கம்பெனி ஒரு வாட்ஸ்அப் செய்தியில் அணியைக் கலைத்தது. ரெண்டு பேரும் ஊருக்கு வந்து செராமிக் தொழிற்பேட்டையில் திருமால் என்பவரின் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார்கள். கப்பு, பொம்மை, பியூஸ் கட்டை செய்கிற சின்னப் பட்டறை. குருமூர்த்தி அச்சு அறையில். பிளாஸ்டர் மாவைத் தண்ணீரில் கரைத்து, மரச்சட்டத்துக்குள் மாதிரியை வைத்து மேலே ஊற்றி, இறுகியதும் பிரித்து அச்சு எடுப்பது அவன் வேலை. ஆல்பர்ட் சூளையிலிருந்து வரும் சரக்கைத் தட்டிப் பார்ப்பவன். சின்னக் குச்சியால் ஒரு தட்டு. ணிங் என்றால் நல்லது. மொத்தென்றால் உள்ளே விரிசல், தூக்கிக் குப்பையில் போட வேண்டியதுதான்.

ஆல்பர்ட்டின் அப்பா சூசைநாதனும் அதே பேட்டையில் முப்பது வருஷம் மண் அரைத்தவர். அந்த வெள்ளைத் தூசி அவர் நெஞ்சில் போய்ப் படிந்தது. கடைசி ரெண்டு வருஷம் படுக்க முடியாது, உட்கார்ந்தபடியே தூங்குவார். அவரை அடக்கம் செய்த அன்றே கிரேசி புருஷனிடம் சொல்லிவிட்டாள். "நீங்க எங்க வேணா போங்க, என்னா வேலை வேணா பாருங்க. இந்தத் தூசி மட்டும் வேணாங்க. உங்க அப்பா இருமுன இருமலு இன்னும் என் காதுலயே இருக்குது." வேறு வேலை கிடைத்தால்தானே? போன மார்கழியிலிருந்து ஆல்பர்ட்டுக்கும் காலையில் இருமல் வர ஆரம்பித்திருந்தது. குருமூர்த்தி அதற்கு முன்பிருந்தே இருமிக்கொண்டிருந்தான். அவன் பனி மேல் பழி போட்டான்.

இந்த நேரத்தில்தான் அந்த அறிவிப்பு வந்தது. மத்திய அரசுத் துறை ஒன்றில் விளையாட்டு ஒதுக்கீட்டில் பேஸ்பால் ஆட்களை எடுக்கிறார்கள். ஒரு கேட்சர், பந்து வீச ஒரு பிட்சர். நிரந்தர வேலை, ஆபீஸ் நாற்காலி, மின்விசிறி. ஜூன் பதினொன்று, ஞாயிற்றுக்கிழமை, சென்னையில் தேர்வு. ரெண்டு பேருக்கும் வயது வரம்பு அந்த வருஷத்தோடு முடிகிறது. அடுத்த முறை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஃபோனைப் பிடித்துக்கொண்டு குருமூர்த்தி அச்சு அறையிலிருந்து ஓடி வந்தான். "டேய், நமக்குன்னே அளந்து தெச்ச மாதிரி இருக்குதுடா!" கிரேசி அன்று கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். ரெண்டு ஏற்றினாள், குருமூர்த்திக்கும் சேர்த்து.

ஒரு மாதம் விடியற்காலையில் பயிற்சி. வேலைக்குப் போகும் முன் பள்ளி மைதானத்தில் ஒரு மணி நேரம். ஜூன் ஏழு, புதன்கிழமை. தெரிந்த பையன் ஒருவன் மட்டை பிடித்தான். பந்து மட்டையின் விளிம்பில் பட்டுத் திசை மாறி ஆல்பர்ட்டின் வலது கையில் அடித்தது. சாதாரணமாக அந்தக் கையை முஷ்டியாக மடக்கி உறைக்குப் பின்னால் ஒளித்து வைப்பான். அன்று இருமல் வந்து கையை வாய்க்குக் கொண்டுபோகப் பார்த்திருக்கிறான். ஆள்காட்டி விரல் நடுக்கணுவில் கோணிக்கொண்டு நின்றது. பத்து நிமிஷத்தில் கத்தரிக்காய் மாதிரி வீங்கிவிட்டது.

"ஆஸ்பத்திரிக்கு வாடா" என்றான் குருமூர்த்தி.

"போனா ஆறு வாரம் கட்டுப் போடுவான். ஞாயித்துக்கெழம என்னா பண்றது? கட்டோட போயி நிக்கறதா?"

அது நியாயமான கேள்விதான். அதற்கு அவர்கள் கண்டுபிடித்த பதில் இருக்கிறதே, அதை இந்த ஊர்க்காரன், அதுவும் பேட்டைக்காரன் ஒருவனைத் தவிர வேறு யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரம், அச்சு அறையில் ரெண்டு பேர் மட்டும். குருமூர்த்தி மூலையில் அடுக்கியிருந்த பிளாஸ்டர் மூட்டைகளைப் பார்த்தான்.

"ஆஸ்பத்திரில போடறதும் இதே மாவுதானேடா. நம்மகிட்ட மூட்ட மூட்டையா கெடக்குது. நான் போட்டு வுடறேன். மூணு நாளு அசையாம இருந்தா வீக்கம் வடிஞ்சிரும். சனிக்கெழம சாயங்காலம் நானே ஒடச்சி எடுத்துடறேன். ஞாயித்துக்கெழம வெரலச் சேத்துக் கட்டிட்டு ஆடு. எத்தன தடவ அப்பிடி ஆடிருக்கற!"

ஆஸ்பத்திரியில் துணியில் நனைத்து மெல்லிசாகச் சுற்றுவார்கள் என்பது அவனுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது அச்சு. ஒரு மரச்சட்டத்தை எடுத்தான். ஆல்பர்ட்டின் கையில் சோப்புத் தண்ணீர் தடவினான், மாதிரி ஒட்டாமல் வருவதற்குத் தடவுவதுபோல. "ஒடஞ்ச வெரலையும் பக்கத்து வெரலையும் சேத்து நீட்டு. மத்ததெல்லாம் மடக்கிக்க." ஆல்பர்ட் ரெண்டு விரலை நீட்டியதும் ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டு போடச் சொல்றியா?" என்றான் குருமூர்த்தி. சீக்கிரம் இறுகட்டும் என்று மாவைக் கெட்டியாகக் கரைத்தான். ஒரு சிட்டிகை உப்பும் போட்டான். மணிக்கட்டு வரைக்கும் ஊற்றினான்.

முதலில் ஜில்லென்று இருந்தது. சுகமாகக்கூட இருந்தது என்று ஆல்பர்ட் பிறகு சொன்னான். அஞ்சு நிமிஷத்தில் வெதுவெதுப்பு. அப்புறம் சூடு.

"சுடுதுடா."

"சுடணும். சூடானாத்தான் நல்லாப் புடிச்சிருக்குதுன்னு அர்த்தம்."

அவன் பொய் சொல்லவில்லை. அச்சு அறையில் அதுதான் பாடம். இறுகும்போது பிளாஸ்டர் சூடாகும், கையை வைத்துப் பார்த்து சூடாக இருந்தால் அச்சு நன்றாக வந்திருக்கிறது என்று பிரிப்பார்கள். ஆயிரம் அச்சை அவன் அப்படித் தொட்டுப் பார்த்திருக்கிறான். தொட்டுவிட்டு எடுக்கிற கைக்கு ஒன்றும் ஆகாது. அத்தனை கனமான கட்டிக்கு நடுவில் மாட்டிக்கொண்ட கை வெந்து போகும் என்பது அவன் புத்திக்கு எட்டவில்லை. எப்படி எட்டும்? கையை உள்ளே வைத்து எவன் அச்சு எடுத்தான்?

ஆல்பர்ட்டோ தன் தொழிலைக் காட்டினான். அசையவில்லை. நெற்றி வியர்த்தது, பல்லைக் கடித்தான், கண்ணில் தண்ணீர் நின்றது. வேறு எவனாக இருந்தாலும் மூன்றாவது நிமிஷமே கூப்பாடு போட்டு ஊரைக் கூட்டியிருப்பான், கையும் பிழைத்திருக்கும். இவன், ஐயோ, இந்தப் பாவி, பந்துக்குக் குந்துவதுபோல அங்கே குந்தியிருந்தான். ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக்கொண்டான். கிரேசியை நினைத்துக்கொண்டான். பத்து நிமிஷம் கழித்துத்தான், "குரு, முடியலடா" என்றான். அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் குருமூர்த்தி அவன் மணிக்கட்டைப் பிடித்தான். இழுத்தால் வரவில்லை. மடக்கிய விரல்கள் உள்ளே பூட்டுப் போட்டது போல மாட்டிக்கொண்டிருந்தன. உளியும் சுத்தியலும் எடுத்து அடித்தான். கட்டி நாலு துண்டாகப் பிளந்தது. உள்ளே இருந்து வந்த கையை அவன் ஒரு தடவைதான் பார்த்தான், சுவரோரம் போய் வாந்தி எடுத்தான்.

விருத்தாசலம் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுப் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். "யாருப்பா இத பண்ணது?" என்று நர்ஸம்மா கோபமாகக் கேட்டாள். வாசலில் குருமூர்த்தி நின்றுகொண்டிருந்தான். "நானேதான் சிஸ்டர்" என்றான் ஆல்பர்ட். வெள்ளிக்கிழமை ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் அடியோடு எடுத்துவிட்டார்கள். மிச்ச மூன்று விரல் தங்கின, ஆனால் மடங்கினது மடங்கினபடியே. கிரேசி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலையை உருட்டினாள். குருமூர்த்தி உள்ளே வந்தால் எழுந்து வெளியே போனாள். ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் அவனுக்குத் தாங்க முடியவில்லை.

சனிக்கிழமை ஆல்பர்ட் அவனைக் கூப்பிட்டான். "நாளைக்கு நீ போடா. ஒருத்தனாவது போவணும்."

"நான் எப்பிடிடா..."

"போன்னா போ. என் மேல சத்தியம் பண்ணு."

குருமூர்த்தி தலையை ஆட்டினான். "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். ஞாயிறு முழுக்க ஆல்பர்ட் கட்டுப்போட்ட கையை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்தான். இப்போது வார்ம்-அப். இப்போது பேர் கூப்பிடுவார்கள். யாரோ ஒரு தெரியாத கேட்சர் குந்துவான். அவனுக்கு "ரெண்டு" எங்கே விழும் என்று தெரியுமா? திங்கட்கிழமை குருமூர்த்தி வந்தான். "எடுக்கலடா. ரெண்டு சரியா வுழல. அந்த கேட்சரு புடிக்கல" என்று தரையைப் பார்த்துச் சொன்னான். ஆல்பர்ட் அன்றுதான் வாய்விட்டு அழுதான். தன் கைக்காக அழாதவன், நண்பனின் வேலை தன்னால் போய்விட்டது என்று அழுதான். தான் மட்டும் அந்த மைதானத்தில் குந்தியிருந்தால் இவன் ஜெயித்திருப்பான் என்பதே நாலு மாதமும் அவன் மனதை அரித்தது. கிரேசியிடமும் சொன்னான். "எனக்கு வரலன்னா போவுது. அவனுக்கு வந்திருக்கணும்."

கை ஆறியதும் திருமால் அவனைப் பழைய இடத்திலேயே சேர்த்துக்கொண்டார். வேறு எங்கே போவான்? குச்சி இடது கைக்கு மாறியது. மூச்சில் ஏறுகிற தூசி அதே தூசிதான். கிரேசி வேலைக்குப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. காலையில் மூக்கில் கட்ட ஈரத்துணி மட்டும் மடித்துக் கொடுப்பாள்.

ஆயுத பூஜைக்குப் பட்டறையைக் கழுவுவார்கள். அக்டோபரில் அந்த நாள் வந்தது. கனமான வேலை முடியாதென்று ஆல்பர்ட்டுக்கு அச்சு அறை அலமாரியைத் துடைக்கச் சொன்னார்கள். குருமூர்த்தி வெளியே மேசைகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். மேல் தட்டில், பழைய மாதிரிகளுக்குப் பின்னால், செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொருள். ஆல்பர்ட் பிரித்தான்.

கை. வெள்ளைப் பீங்கான் கை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்து நீண்டிருந்தன, மற்றவை மடங்கியிருந்தன. ஆள்காட்டி விரல் நடுக்கணுவில் வீங்கிக் கோணியிருந்தது. நகத்தின் கீறல்கூட விழுந்திருந்தது. உடைத்த அச்சின் நாலு துண்டையும் குருமூர்த்தி சேர்த்து, சைக்கிள் டியூப் நாடாவால் கட்டி, மண் கூழ் ஊற்றி, சரக்கோடு சரக்காகச் சூளையில் வைத்து எடுத்திருக்கிறான் என்பது ஆல்பர்ட்டுக்குப் பார்த்த மாத்திரத்தில் புரிந்தது. அவன் தன் பழைய கையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். இவ்வளவு ஆசையா வெச்சிருக்கியேடா என்றுதான் முதலில் நினைத்தான்.

அப்புறம் திருப்பிப் பார்த்தான். அச்சுக்காரர்கள் ஊற்றிய சரக்கு ஈரமாக இருக்கும்போதே அடியில் ஆணியால் தேதி கீறுவார்கள். பழக்கம், கை தானாகச் செய்யும். மணிக்கட்டின் அடியில் கீறியிருந்தது: 11-6, கு.மூ.

ஆல்பர்ட் ரெண்டு தடவை படித்தான். பிறகு கூப்பிட்டான். "குரு."

ஈரக்கையோடு உள்ளே வந்தவன் அதைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"பதினொன்னாந் தேதி நீ மெட்ராஸுல இருந்தடா" என்றான் ஆல்பர்ட்.

குருமூர்த்தி ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"சொல்லுடா."

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். பஸ்ஸுல ஏறி உக்காந்தேன். முடியல. உன் கைய வேவ வெச்சிட்டு நான் போயி உத்தியோகம் வாங்கிட்டு வரவா? எறங்கி இங்க வந்துட்டேன். பட்டறையில யாரும் இல்ல. அந்தத் துண்டுங்க கெடந்துது."

"சத்தியம் பண்ண."

"பண்ணேன்."

"நாலு மாசமா நான் என்னான்னு நெனச்சி அழுதேன் தெரியுமா? நான் இல்லாம நீ தோத்துட்டன்னு. தெனமும்." ஆல்பர்ட்டின் குரல் உடைந்தது. "கைய வெந்து போவ வெச்சியே, அதுக்கு உன்னத் திட்டினனா? ஒரு வார்த்த கேட்டனா? எனக்குக் கை போச்சுடா. உனக்குக் கை இருந்துது. ஒருத்தனாவது இந்தத் தூசிய வுட்டுப் போயிருக்கலாமேடா. ஒருத்தனாவது!"



ஆல்பர்ட் சட்டைப் பையிலிருந்து குச்சியை எடுத்தான். பீங்கான் கையை மேசை மேல் வைத்து, காலையிலிருந்து மாலை வரை செய்கிற வேலையைச் செய்தான். ஒரு தட்டு. ணிங்.

"பழுதில்ல" என்றான். "நல்ல சரக்கு."

பிறகு அதை இடது கையில் எடுத்து, பதினைந்து வருஷம் பந்தைத் திருப்பி வீசினதுபோல, பிட்சரைப் பார்த்து வீசினான். மெதுவாகத்தான் வீசினான். நெஞ்சுக்கு நேரே, ஒரு குழந்தைகூடப் பிடித்துவிடும். குருமூர்த்தி கையைத் தூக்கவில்லை. அது அவன் மார்பில் பட்டுச் சிமெண்டுத் தரையில் விழுந்து சுக்குநூறாகிப் போனது.

வெளியே யாரோ பூசணிக்காய் வந்துவிட்டதா என்று கேட்டார்கள்.

"கூட்டுடா" என்றான் ஆல்பர்ட். "யாரு கால்லயாவது குத்திடப் போவுது."

குருமூர்த்தி துடைப்பத்தை எடுத்துக் குனிந்தான். ஓரத்தில் சிந்திக்கிடந்த பிளாஸ்டர் மாவும் சேர்ந்து எழும்பியது. முதலில் அவன் இருமினான். அப்புறம் ஆல்பர்ட்டும் இருமினான்.